வேட்டைப் பை: ஆட்டுத்தோலும் கடுக்காய்த் தண்ணீரும்

இரண்டாவது பை தேறிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா வேட்டைக்காரர்கள் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்ட தோல் பையின் பாணியில், கையால் வெட்டி, கையால் தைத்து, கறுப்பும் வீட்டிலேயே ஏற்றியது. ஏழு அங்குல அகலம், ஏழரை அங்குல உயரம். வாரோடும் பக்கிளோடும் சேர்த்துச் சமையலறைத் தராசில் 250 கிராம் காட்டியது. முதல் பை காலியாகவே 600 கிராமைத் தாண்டியிருந்தது. அந்த 350 கிராம் எங்கே போனது என்பதுதான் இந்தப் பதிவு.

இது குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற சக்கிமுக்கித் துப்பாக்கியோடு போகும் பை. லான்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கிக் கொல்லர்கள் கையில் உருவான நீளக்குழல் ரைஃபிளுக்கு, ஒவ்வொரு வெடிக்கும் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து அதை அளவைக்குள் கொட்டி, குழலில் ஊற்றி, எண்ணெய் தடவிய லினன் துணித்துண்டில் ஈயக்குண்டை வைத்து, கோலால் அடிவரை தள்ளி, குழலின் பக்கத்தில் பொறி விழும் கிண்ணியில் ஒரு சிட்டிகை மருந்து வைத்து மூட வேண்டும். மருந்துக் கொம்பு தனியாகத் தொங்கும். மற்றதெல்லாம் பைக்குள்: குண்டு, துணி, அளவை, மாற்றுக் கல், கல்லைக் கழற்றும் திருப்புளி, தீத்துளை குத்தும் கம்பி, கிண்ணி துடைக்கும் சின்னத் தூரிகை, குழல் துடைக்கக் கொஞ்சம் ஆளிநார். கண் முன்னால் பார்த்துக்கொண்டிருக்க, கை மட்டும் உள்ளே போய்ச் சரியான பொருளோடு வெளியே வர வேண்டும். அழகெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி, சக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர்களுக்கு என்றே ஒரு மான் வேட்டைப் பருவம் இன்றைக்கும் உண்டு. நான் வேட்டைக்குப் போவதில்லை. குறி சுடும் மைதானத்தோடு சரி. ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு வருடமும் போகிறவர். இந்தப் பைத்தியம் எனக்கு அவரிடமிருந்துதான் தொற்றியது.

முதல் பையின் அளவைப் படங்களைப் பார்த்து முடிவு செய்தேன். படத்தில் பக்கத்தில் கையோ துப்பாக்கியோ இல்லாவிட்டால் பை எவ்வளவு பெரியது என்று தெரியாது. பத்துக்குப் பத்து அங்குலம் வெட்டினேன். இன்றைக்கு நாம் தூக்கித் திரியும் பைகளை வைத்துப் பார்த்தால் அது நியாயமான அளவுதான். பெரியவர் கையில் கொடுத்தபோது உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “மதியச் சாப்பாடும் இதிலேயே எடுத்துட்டுப் போறியா?” என்றார்.

அவர்கள் சாப்பாட்டை அதில் எடுத்துப் போகவில்லை. அந்தக்கால எல்லைப்புறத்தில் வளர்ந்த ஒரு பாதிரியார் 1824இல் அச்சிட்ட நினைவுக் குறிப்பில் விவரம் இருக்கிறது: முன்பக்கம் திறந்த தொளதொள வேட்டைச் சட்டையை இடுப்பில் கச்சையால் கட்டுவார்கள், கச்சைக்கு மேலே நெஞ்சுப் பக்கம் தொங்கும் மடிப்புக்குள் ரொட்டி, உப்புக்கண்டம், குழல் துடைக்கும் நார் எல்லாம் போகும். கத்தியும் கைக்கோடரியும் கச்சையில். அப்படியென்றால் பைக்கு மிச்சம் இருக்கிற வேலை குண்டும் சில்லறைச் சாமானும் சுமப்பதுதான். அதற்கு ஏழங்குலப் பை தாராளம். பத்தங்குலப் பையில் குண்டும் கல்லும் ஒரு மூலைக்கு உருண்டு போய், மணிக்கட்டு தாண்டிக் கையை விட்டுத் துழாவ வேண்டியிருந்தது.

இரண்டாவது பைக்குத் தோலைத் தொடும் முன் பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு மாதிரி தைத்தேன். உள்ளே சாமான்களைப் போட்டு, தோளில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஏழங்குல வாயில் என் கை முட்டிகள் உரசாமல் போய்வந்தன, ஆறங்குலத்தில் சிக்கின. உயரம் ஏழரைக்கு மேல் போனால் விரல் அடியைத் தொடவில்லை. கை பெரியவர்கள் அரை அங்குலம் கூட்டிக்கொள்ளலாம். பின்பலகையும் மூடியும் ஒரே துண்டு. மூடிக்கு மட்டும் ஐந்தரை அங்குலம். முன்பலகை தனித் துண்டு. கீழ் மூலைகளை ஒரு டம்ளரைக் கவிழ்த்து வளைவாக வரைந்தேன். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட வேண்டும். முதல் பையில் இந்தக் கால் அங்குலத்தைக் கணக்கில் சேர்க்காமல் வெட்டி, மறுபடி வெட்டியதில் ஒரு துண்டு தோல் வீண்.

அடுத்தது தோலின் தடிமன். இங்கேதான் முதல் பை முழுசாகக் கெட்டது. அமெரிக்காவில் தோலை அவுன்ஸ் கணக்கில் விற்கிறார்கள்; ஓர் அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர். உறுதியாக இருக்கட்டும் என்று ஐந்து அவுன்ஸுக்கு மேலான மாட்டுத்தோல் வாங்கினேன். தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூட. பெல்ட்டுக்கு நல்ல தோல், இந்தப் பைக்கு ஆகாது. ஏனென்றால் இந்தப் பையை உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, அப்புறம் புரட்ட வேண்டும். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு மெல்லிய தோல் பட்டை போகும். நம் ஊர்த் தையல்காரர்கள் பைப்பிங் வைக்கிற அதே வேலை. தையல் நூல் வெளியே தெரியாமல் காப்பதும், ஓரத்துக்கு வடிவம் தருவதும் அந்தப் பட்டைதான். என் தோலில் மூன்று அடுக்கும் சேர்ந்து ஆறு மில்லிமீட்டருக்கு மேல் வந்தது. தைக்கும்போதே உள்ளங்கை பழுத்துவிட்டது. புரட்டும்போது கீழ் மூலைகள் திரும்ப மறுத்தன. தண்ணீரில் நனைத்து, காலால் அழுத்தி, கட்டையால் குத்தித் திருப்பினேன். திரும்பியது. கூடவே பைப்பிங் பட்டை இரண்டு இடத்தில் வெடித்து, மூலை கொழுக்கட்டை ஓரத்தைப் போல மடிப்பு மடிப்பாக நின்றது.

மிஞ்சியிருக்கும் பழைய பைகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை; அதற்கு முந்தையவை தேய்ந்து, எலி கடித்து, வேறு எதற்கோ அறுக்கப்பட்டுப் போயிருக்கும். மிஞ்சியவற்றில் நான் பக்கத்தில் நின்று பார்த்தவை எல்லாமே மெல்லிய தோல்தான். மூடி துணியாகத் தொங்குகிறது. மேரிலாண்டில் 1756இல் கட்டிய ஃபோர்ட் ஃபிரெடரிக் கோட்டையில் வசந்த காலத்தில் ஒரு சந்தை போடுவார்கள். 18ஆம் நூற்றாண்டு உடை, பாத்திரம், தோல் சாமான் எல்லாம் செய்கிறவர்கள் கூடாரம் அடித்து விற்கும் இடம். அங்கே நல்ல கைகாரர்கள் தைத்த பைகளைக் கையில் எடுத்து, மூடியின் ஓரத்தை விரலால் நசுக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட ஒன்றேகால் மில்லிமீட்டரைத் தாண்டியிருக்காது. நம்மைப் போல் புதிதாகச் செய்கிறவர்கள்தான் தடித்தோலில் பை செய்து “காலத்துக்கும் வரும்” என்று சொல்லிக்கொள்கிறோம்.

மெல்லிய தோல் என்று முடிவானதும் எனக்கு நினைவு வந்தது திருச்சி. செம்பட்டுப் பக்கம் தோல் ஷாப்புகளில் இன்னும் பட்டைச் சாற்றில் ஆட்டுத்தோல் பதனிடுகிறார்கள். வியாபாரத்தில் ஈ.ஐ. தோல் என்பார்கள், கிழக்கிந்தியத் தோல். புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை, இப்போது பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டை. கடைசியில் கடுக்காய்த் தொட்டியில் ஊறவைத்து, எண்ணெய் போட்டு உலர்த்துவார்கள். இந்தக் கடுக்காயைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது. ஊருக்குப் போனபோது மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு தோல் வாங்கினேன். தோல் ஒன்று 450 ரூபாய். “ஊறுகாய், வடகம் கொண்டு போறவனைப் பார்த்திருக்கேன். ஆட்டுத்தோலைச் சுருட்டிப் பெட்டியில வைக்கிறவன் நீ ஒருத்தன்தான் மாப்ள” என்றார் மாமா. சுங்கத்தில் முழுசாகப் பதனிட்ட தோல் என்று எழுதிக் கொடுத்தேன்; பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

வரலாற்றுச் சுத்தம் பார்க்கிறவர்கள் இங்கே என்னைப் பிடிக்கலாம். 1770இல் பென்சில்வேனியா மலைக்காட்டுக்காரன் கையில் திருச்சி ஆட்டுத்தோல் இருந்திருக்காது. அவனுக்கு ஓக் பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோலோ, வீட்டில் பதம் செய்த மான்தோலோ கிடைத்திருக்கும். ஆனாலும் பட்டைச் சாற்றுப் பதனீடு என்பதால் நடத்தையில் இதுவும் அந்த இனம்தான்: தண்ணீரில் இளகும், காய்ந்தால் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், இரும்பு பட்டால் கறுக்கும். குரோம் போட்டுப் பதனிட்ட தோலில் இது எதுவும் நடக்காது. என் கோடு அங்கே.

ஆட்டுத்தோலை வெட்டும்போது முதுகுத்தண்டுப் பக்கத்தைப் பலகைகளுக்கும், வயிற்றுப் பக்கத்தைச் சின்னத் துண்டுகளுக்கும் வைத்துக்கொண்டேன். வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீண்டுகொண்டே போகும். இரண்டு கையாலும் எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அச்சு வைத்தேன். முதுகில் 1.1 மில்லிமீட்டர், கழுத்தருகே 1.3. பைப்பிங் பட்டைக்கு முக்கால் அங்குல அகலத்தில் நாடா வெட்டி, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, சதைப்பக்கத்தைத் தீட்டிய கத்தியால் 0.7 மில்லிமீட்டருக்குச் சீவினேன். சீவுவதற்குக் கத்தியின் கூர் மட்டும் போதாது. தோலை லேசாக ஈரமாக்கி, கத்தியைப் படுத்த கோணத்தில் தள்ள வேண்டும். நிமிர்த்தினால் ஓட்டை விழும். இரண்டு நாடா ஓட்டையாகி, மூன்றாவது உருப்பட்டது.

இப்போது மூன்று அடுக்கும் சேர்ந்து மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

தைக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை முக்கியம், யாரும் இதைச் சொல்வதில்லை. பை மூடியபின் உள்ளே ஊசி போகாது. அதனால் பின்பலகை தட்டையாக இருக்கும்போதே வாரைப் பிடிக்கும் இரண்டு தோல் காதுகளை அதில் தைத்துவிட வேண்டும். உள்பக்கம் ஒரு சின்ன ஒட்டுத்தோல் வைத்து, இரண்டையும் சேர்த்து. ஒட்டு இல்லாவிட்டால் எடை முழுக்க நாலு துளையில் தொங்கி, மெல்லிய தோல் கிழியும். மூடிக்கு ஓரப்பட்டி கட்டுவதும் இப்போதே. உள்பை வேண்டுமென்றால் அதுவும் இப்போதே. நான் லினன் துணியில் தனியாக ஒரு லைனிங் பை தைத்து, அதன் பின்பக்கத்தில் மூன்றங்குல உள்பை ஒன்று வைத்து, தோல் பையைப் புரட்டிய பிறகு உள்ளே இறக்கி வாயோரம் மட்டும் மடித்துத் தைத்தேன். தோலையும் லைனிங்கையும் ஒரே தையலில் சேர்த்துவிடலாம் என்று முதல் பையில் செய்ததில் தையலின் தடிமன் இன்னும் ஏறியதுதான் மிச்சம்.

தையல் லினன் நூலில். செயற்கை நூல் பலமானதுதான், ஆனால் மெல்லிய தோலை நாளடைவில் அது அறுக்கும். லினன் நூல் என்றால் முதலில் நூல் போகும், தோல் நிற்கும், மறுபடி தைத்துக்கொள்ளலாம். நூலுக்கு மெழுகு: தேன்மெழுகு இரண்டு பங்கு, பைன் பிசின் ஒரு பங்கு, டப்பாவில் போட்டு அந்த டப்பாவைக் கொதிநீரில் வைத்து உருக்கி உருண்டையாகப் பிடித்தது. வெறும் தேன்மெழுகில் நூல் வழுக்குகிறது. பிசின் சேர்ந்தால் துளைக்குள் கவ்விக்கொள்கிறது. பழைய தோல்காரர்கள் நூலின் இரண்டு முனையிலும் பன்றி முடியை முறுக்கிச் சேர்த்து ஊசி இல்லாமலே தைத்தார்கள். அதையும் முயன்றேன். முடி கிடைத்தது, பொறுமை கிடைக்கவில்லை. மொண்ணை முனை ஊசி இரண்டு எடுத்துக்கொண்டேன்.

ஒரே நூல், இரண்டு ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஊசி குறுக்கே போக வேண்டும். அங்குலத்துக்கு எட்டுத் தையல். பல்சக்கரத்தை ஓட்டி இடம் குறித்து, குத்தூசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தித் தைத்தேன். எல்லாத் துளையையும் முதலிலேயே குத்தி வைத்தால், முன்பலகை, பட்டை, பின்பலகை மூன்றும் வளைவுக்கு வரும்போது ஒன்றுக்கொன்று நகர்ந்துவிடும். நூல் தையல் நீளத்தைப்போல் நாலு மடங்கு. இடதுபக்க வாயில் தொடங்கி அடிவழியாக வலதுபக்க வாய்வரை 22 அங்குலம். ஒரே நூலில் 88 அங்குலம் எடுத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் கையை அகல விரிக்க வேண்டும், நூலும் நைந்துபோகும். அடி நடுவில் நிறுத்தி, புது நூலில் மூன்று தையல் பின்னால் போய்த் தொடர்ந்தேன். தோலைக் கவ்விப் பிடிக்கும் மரக் கிடுக்கியைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டால் இரண்டு கையும் விடுபடும். இரண்டு பலகையும் ஒரு கீலும் ஒரு மறையும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

தைத்தானதும் தையலோரத்தை நாலு மில்லிமீட்டருக்கு நறுக்கி, வளைவில் மட்டும் அரை அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்ன முக்கோண வெட்டுகள் கொடுத்தேன். வெட்டு தையலுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்து, துண்டில் சுற்றி, ஈரம் எல்லா இடமும் ஒரே மாதிரி பரவ கொஞ்ச நேரம் விட்டேன். அப்புறம் அடியின் நடுவில் பெருவிரலை வைத்து உள்ளே தள்ளினேன். போனது. மூலையில் மரக்கரண்டிக் காம்பின் உருண்ட முனையை வைத்து மெதுவாக அழுத்த, பைப்பிங் ஒரு சீரான கோடாக வெளியே வந்து நின்றது. காலால் மிதித்த வேலை இதுவா என்று இருந்தது. ஈரம் காயும் முன் உள்ளே பழைய துணியை அடைத்து, தையலோரத்தைக் கரண்டியின் முதுகால் தேய்த்துப் படிய வைத்து, நிழலில் உலர விட்டேன். வெயிலில் வைத்தால் ஆட்டுத்தோல் விறைத்துவிடும்.

இப்போது கறுப்பு. பட்டைச் சாற்றுத் தோலில் இரும்பு பட்டால் கறுக்கும் என்பதைப் பயன்படுத்தும் பழைய முறைதான்: இரும்பை வினிகரில் கரைத்துப் பூசுவது. மெல்லிய ஸ்டீல் ஊலை (இரும்பு இழைப் பஞ்சு) அசிட்டோனில் அலசி அதிலிருக்கும் எண்ணெயைப் போக்கி, சாதாரண வெள்ளை வினிகர் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் போட்டேன். மூடியை இறுக்கவே கூடாது. வாயு கிளம்பும், ஜாடி வெடிக்கலாம். வினிகர் நெடி ஏறக்குறைய அடங்கும்வரை விட்டு, காபி வடிகட்டும் தாளில் வடித்துக்கொண்டேன். அவசரப்பட்டு நெடியோடு எடுத்தால் பையிலும் அந்த வாடை நிற்கும். வடிக்காமல் பூசினால் துருத்தூள் தோலில் காவிக் கோடு போடும். முதல் பையில் இரண்டும் நடந்தன.

வாருக்கு எடுத்த பென்சில்வேனியா மாட்டுத்தோலில் முதலில் பூசினேன். சாம்பல் கலந்த பழுப்பாக மாறி, அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது. இரண்டாம் கை பூசியும் பெரிய மாற்றமில்லை. அப்புறம் ஆட்டுத்தோல் மிச்சத்துண்டில் பூசினேன். பஞ்சு போன தடத்திலேயே முதலில் ஊதா, உடனே நீலம் கலந்த கறுப்பு. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரே ஜாடி, ஒரே பஞ்சு.

வித்தியாசம் கடுக்காய். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி போடுகிறவர்கள் துணியைக் கடுக்காயில் ஊறவைத்துவிட்டு, இரும்பும் வெல்லமும் போட்டு ஊறவைத்த நீரால் கறுப்புக் கோடு இழுப்பார்கள்; துணியில் பட்டதும் கறுக்கும். என் ஆட்டுத்தோல் ஏற்கெனவே கடுக்காய்த் தொட்டியில் குளித்து வந்தது. மாட்டுத்தோலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சரி, நாமே கொடுப்போம் என்று இந்தியக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கினேன். ஒரு லிட்டர் சுடுதண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து, மாட்டுத்தோல் வாரை அதில் அரைமணி நேரம் போட்டேன். ஈரம் பாதி காய்ந்ததும் இரும்புத் தண்ணீர். ஆட்டுத்தோலின் கறுப்புக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டது. இங்கே இருப்பவர்கள் இதற்குக் கடும் தேநீர் போடுவார்கள். அதையும் ஒரு துண்டில் போட்டுப் பார்த்தேன், கறுப்பு கடுக்காயளவுக்கு ஆழம் இல்லை.

கறுப்பு ஏறியபின் மிச்சமிருக்கும் அமிலத்தை அடக்கச் சமையல் சோடாத் தண்ணீரில் அலச வேண்டும். முதல் பையின் வாருக்குக் கைக்கு வந்தபடி சோடாவை அள்ளிப் போட்டேன். காய்ந்ததும் வார் விறைத்து, மடித்த இடத்தில் மேல்தோல் வெடித்தது. பட்டைச் சாற்றுத் தோலுக்குக் காரம் ஆகாது. இந்த முறை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி மட்டும், ஒரு நிமிஷ அலசல், உடனே நல்ல தண்ணீர் இரண்டு முறை. கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவினேன். முதலில் கறுப்பு கையில் ஒட்டும். உலர்ந்த துணியால் தேய்த்துத் தேய்த்து ஒட்டுவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். வெள்ளைச் சட்டையோடு இந்த வேலையில் இறங்காதீர்கள்.

புதுப் பையை மணல்தாளால் தேய்த்து, ஓரத்தைக் கிழித்து, இருநூறு வருடப் பழசாக ஆக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல கைத்திறன்தான், எனக்கு ஒப்பவில்லை. 1770இல் அந்த வேட்டைக்காரன் தோளிலும் பை ஒரு நாள் புதுசாகத்தான் இருந்திருக்கும்.

வார் ஒன்றேகால் அங்குல அகலம், இரண்டு மில்லிமீட்டர் தடிமன். முன்பக்கம் நெஞ்சில் ஓர் இரும்புப் பக்கிள். குளிர்காலக் கோட்டுக்கு மேல் மாட்டும்போது மூன்றங்குலம் தளர்த்த அது இல்லாமல் முடியாது. பையின் வாய் மடக்கிய முழங்கைக்கு நேரே நிற்கும்படி நீளத்தை வைத்தேன். முதல் பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டிருந்தேன். நடந்தால் தொடையில் அடித்தது, குனிந்தால் மூடி திறந்து குண்டு கொட்டியது. மேலே ஏற்றி, விலாவோடு ஒட்டி நின்றால் முழங்கையே பையை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

மைதானத்தில் 50 காலிபர், அதாவது அரை அங்குலக் குழல்வாய் உள்ள, துப்பாக்கிக்கான 0.490 அங்குலக் குண்டு இருபது போட்டுக்கொண்டு போனேன். ஒரு குண்டு பதினொன்றரை கிராம், ஆக 230 கிராம் ஈயம். பையில் நேராகக் கொட்டாமல் சுருக்குப் பையில் போட்டு உள்ளே வைத்தேன், மிச்ச ஆட்டுத்தோலில் தைத்தது. துணித்துண்டுகள் உள்பையில். கொம்பைப் பையின் காதிலேயே கட்டியிருந்தேன், அது சரிப்படவில்லை. மருந்து ஊற்றக் கொம்பைத் தூக்கும்போதெல்லாம் பையும் சாய்ந்தது. தனி வார் போட்டதும் தீர்ந்தது. மூடிக்குக் கொம்புப் பொத்தான் ஒன்றும் தோல் வளையம் ஒன்றும் வைத்திருந்தேன். குளிரில் கையுறையோடு அதைத் திறக்க முடியவில்லை. பெரியவர் தன் பையின் பொத்தானை என்றைக்கோ அறுத்து எறிந்துவிட்டாராம். நானும் வளையத்தை வெட்டிவிட்டேன்; மூடியின் எடையே அதை மூடி வைக்கிறது. பொத்தான் அலங்காரத்துக்கு இருக்கட்டும்.

செலவு, இரண்டாவது பைக்கு மட்டும்: ஆட்டுத்தோல் ஒன்று, டாலரில் ஐந்தரை என்று வையுங்கள். வாருக்கு மாட்டுத்தோல் 34. லினன் நூல் 16. குத்தூசியும் ஊசிகளும் 24. பக்கிள் 11. லைனிங் துணி 9. வினிகர், ஸ்டீல் ஊல், கடுக்காய், சோடா எல்லாம் சேர்ந்து 8. மொத்தம் 107 டாலர் சொச்சம். இதில் கருவியும் நூலும் அடுத்த பைக்கும் வரும். முதல் பைக்குப் போன தடித்தோல் மட்டும் 48 டாலர். அதைப் பிரித்துக் கத்தி உறைகளாக வெட்டிக்கொண்டிருக்கிறேன், உறைக்கு அந்தத் தடிமன் சரியாக இருக்கிறது.

அடுத்த பையில் மாற்றப்போவது: வாயோரம். அங்கே மட்டும் தோலும் லினனும் வெறுமனே மடிந்து நிற்கின்றன. கை போய்வந்து போய்வந்து முன்பலகையின் விளிம்பு இப்போதே அலை அடித்து நீள ஆரம்பித்துவிட்டது. அரை அங்குல அகலத்தில் முதுகுப்பக்கத் தோலில் ஒரு பட்டி வைத்து விளிம்பைக் கட்டிவிட்டால் நிற்கும் என்று நினைக்கிறேன். முன்பலகையை மேல்பக்கம் கால் அங்குலம் குறைத்து வெட்டினால் மூடியும் இன்னும் கொஞ்சம் படிந்து விழும். தோல் வாருக்குப் பதில் கம்பளி நூலில் நெய்த பட்டை போடப்போகிறேன்; கோட்டின் மேல் தோல் வழுக்குகிறது, கம்பளி பிடித்து நிற்கும். சந்தையில் பார்த்த ஒரு நெசவுக்கார அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டங்குல அகலப் பட்டைக்கு அறுபது டாலர் கேட்கிறார். பைக்கு ஆன தோலையெல்லாம்விட அதிகம், இருந்தாலும் சரி என்றுவிட்டேன்.